லென்ஸின் கோத்திரம்

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைகளுக்குப் பிசிறு எடுக்கும் ஒரு பெண்ணின் புகைப்படம் மூன்று மாதங்களுக்கு முன் இன்ஸ்டாகிராமில் வெளியாயிற்று. எடுத்தவர் நம் வட்டத்துக்கு வேண்டியவர். சிறுபத்திரிகைகளின் அட்டைக்குப் படம் தருகிறவர். படத்துக்கு 'மண்ணின் மௌனம்' என்று பெயர். கீழே ஒரு வரி: கேமராவின் பெயர், 70-200 லென்ஸ், 200 மி.மீ., எஃப் 2.8, 1/500 வினாடி, ஐஎஸ்ஓ 400. அந்தப் பெண் யார், எந்த ஊர், என்றைக்கு எடுத்தது என்பதற்கு ஒரு சொல் கிடையாது. கவிஞர்கள் நாலைந்து பேர் 'அபாரம்' என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் லென்ஸின் விலையை விசாரித்திருந்தார்.

அந்தப் பெண் எங்கள் நல்லூர்க்காரர். எங்கள் தெருதான். தினமும் பஸ் பிடித்து விருத்தாசலத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவர். படத்தை என் போனில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "எப்ப எடுத்தாங்கண்ணே? அன்னிக்கு யாருமே வரலியே" என்றார். பிறகு, "அது வேல செஞ்ச நாளே இல்ல. கூலி பாக்கிக்காக உக்காந்திருந்தோம். அந்தப் பக்கம் எல்லாரும் இருந்தாங்க" என்றார்.

படத்தில் எல்லோரும் இல்லை. அவர் ஒருவர்தான். சுற்றிலும் பால்போல் ஒரு மங்கல்.

படத்தின் கீழே இருந்த அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். லென்ஸ் விவரம் போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போட்டவர்கள் அதை வாசிக்கத் தெரியாமல் போடுகிறார்கள் என்கிறேன்.

நான் வாசித்துப் பார்த்தேன். வெட்டாத படம், 36க்கு 24 மி.மீ. சென்ஸார் என்று கொள்வோம். தரையில் உட்கார்ந்த ஒருவர் சுமார் ஒரு மீட்டர் உயரம். படத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிறைக்கிறார். 200 மி.மீ. லென்ஸில் இது கிடைக்க, எடுத்தவர் ஏறத்தாழ 12 மீட்டருக்கு அப்பால், அதாவது 40 அடி தள்ளி நின்றிருக்க வேண்டும். 35 மி.மீ. லென்ஸாக இருந்தால் இதே உருவத்துக்கு 7 அடியில் நிற்க வேண்டியிருக்கும். 7 அடியில் நிற்கிறவன் பேசியாக வேண்டும். 'என்னம்மா, ஒரு படம் எடுத்துக்கலாமா' என்று கேட்டாக வேண்டும். 40 அடியில் நிற்கிறவனுக்கு அந்தச் சங்கடம் இல்லை. 200 என்ற எண்ணுக்கு இதுதான் பொருள்.

அடுத்தது எஃப் 2.8. அந்தத் தூரத்தில், அந்த லென்ஸில், இந்தத் துவாரத்தில், துல்லியமாக விழுவது முன்னும் பின்னுமாகச் சேர்த்து 65 செ.மீ. ஆழம்தான். அதற்கு அப்பால் இருந்தவையெல்லாம் கரைந்துபோயின. பிளாஸ்டர் அச்சுகளின் அடுக்கு, எரியாத சூளை, கூலிக்குக் காத்திருந்த மற்றப் பெண்கள் எல்லாமே போயிற்று. மௌனம் அந்த இடத்தில் இருக்கவில்லை. லென்ஸ் தயாரித்தது அது. நம் கவிஞர்கள் அதை மண்ணின் மௌனம் என்று ரசித்தார்கள்.

ஆக, நண்பர் தம் படத்தின் கீழே எழுதியது ஒரு வாக்குமூலம். எழுதியவருக்கே அது தெரியவில்லை. அவருக்கு அது கோத்திரம் சொல்லிக்கொள்வது மாதிரி. சபையில் நுழையும்போது, நான் இன்ன கம்பெனி, இன்ன மவுண்ட், இன்ன துவாரம் என்று அபிவாதயே சொல்லிக்கொள்கிறார். கேட்கிறவர்களும் கோத்திரத்தைக் கேட்டுவிட்டு இடம் கொடுக்கிறார்கள். ஜாதியைத் திட்டிக் கவிதை எழுதுகிற இடத்தில் இது நடக்கிறது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த விவரங்களை இன்று யாரும் நோட்டுப் போட்டுக் குறித்துவைக்க வேண்டியதில்லை. எக்ஸிஃப் என்ற குறிப்பு முறையை ஜப்பானியர்கள் 1995ல் வகுத்தார்கள். அதன்பின் கேமராவே படத்துக்குள் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறது. துவாரம், வேகம், லென்ஸ் நீளம் மட்டுமல்ல. எடுத்த தேதி, மணி, நிமிடம், வினாடி. வசதி இருந்தால் பூமியில் நின்ற இடம்கூட. படத்தைச் சுருக்கி இணையத்தில் ஏற்றும்போது இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் கழன்றுவிடுகின்றன. பிறகு கீழே என்ன எழுதுவது என்பதை எடுத்தவர் தம் விரலால் தட்ட வேண்டும். நண்பர் லென்ஸைத் தட்டினார். தேதியைத் தட்டவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. எது முக்கியம் என்ற அவருடைய தீர்ப்பு அதில் இருக்கிறது.

பீங்கான் ஊரின் பக்கத்தில் வாழ்கிறவன் என்பதால் எனக்கு இன்னொரு வகை விவரம் தெரியும். சூளைக்காரர் வைத்திருக்கும் நோட்டு. மண் என்ன கலவை, கூழில் எவ்வளவு தண்ணீர், க்ளேஸ் எப்படி, எத்தனை மணிக்குப் பற்றவைத்தது, எவ்வளவு சூடு ஏறியது, எத்தனை உருப்படி வெடித்தது. வெடித்ததையும் எழுதுவார். வெடித்ததை எழுதாத நோட்டு அடுத்தவனுக்குப் பயன்படாது என்பது அவருக்குத் தெரியும். சூளை எந்தக் கம்பெனி செய்தது என்பதை அவர் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதுவதில்லை. அது மாறாத விஷயம். மாறுவதைத்தான் எழுத வேண்டும்.

கற்றுக்கொள்கிறவனுக்கு உதவும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். நானும் புகைப்படப் பத்திரிகைகளில் படங்களின் கீழே அச்சிட்ட துவாரத்தையும் வேகத்தையும் காப்பி பண்ணிக் கற்றுக்கொண்டவன்தான். ஆனால் எனக்கு உதவியது எது? வெயில் எந்தப் பக்கம் இருந்தது, எவ்வளவு தள்ளி நின்றார், எத்தனை படம் வீணாயிற்று, பிறகு இருட்டறையில் என்ன செய்தார் என்று எழுதியவர்களின் குறிப்புகள்தான். கேமராவின் பெயர் எனக்குக் கற்பித்தது ஆசையை மட்டும்.

ஆன்ஸல் ஆடம்ஸ் என்ற அமெரிக்கர் விவரம் சொல்வதில் தாராளமானவர். நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழுவதை எடுத்த அவருடைய படம் உலகப் பிரசித்தம். ஒளிமானி கைக்குக் கிடைக்காத அவசரத்தில், நிலவின் ஒளி இவ்வளவு என்று நினைவிலிருந்த கணக்கை வைத்து எப்படித் துவாரமும் வேகமும் தீர்மானித்தார் என்பதை அவர் திரும்பத் திரும்ப விளக்கியிருக்கிறார். ஆனால் தேதியைக் குறித்துக்கொள்ளவில்லை. வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு வருஷங்களைச் சொன்னார். கடைசியில் படத்திலிருந்த நிலாவின் இடத்தை வைத்து வானவியல்காரர்கள் கணக்குப் போட வேண்டியிருந்தது. 1941 நவம்பர் 1, மாலை 4.49 என்று 1991ல் வந்த கணக்கு சொல்கிறது. நிலாவை வைத்துத் தேதி கண்டுபிடிக்கலாம். கூலிக்கு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முகத்தை வைத்து எந்த வானவியல்காரன் தேதி கண்டுபிடிப்பான்?

வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. விருத்தாசலத்திலேயே இருக்கிறது உதாரணம். விருத்தகிரீஸ்வரர் கோயிலிலிருந்து அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை களவுபோயிற்று. நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து ஸிட்னியிலுள்ள நியூ ஸவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004ல் அதை விலைக்கு வாங்கியது. அதே கோயிலின் பிரத்யங்கிராவைக் கான்பராவிலுள்ள தேசியக் கலைக்கூடம் 2005ல் வாங்கியது. முதலாவது 2014லும் இரண்டாவது 2016லும் இந்தியாவுக்குத் திரும்பி வந்தன. அவை நம் ஊர்ச் சொத்து என்பதற்கு முக்கிய சாட்சியம், சிலைகள் கோயிலில் இருந்தபோதே எடுத்துவைத்த பழைய புகைப்படங்கள். 1955ல் தொடங்கிய பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஊர் ஊராகக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்துவைத்த தொகுப்பு அதற்கு உதவியது. எந்த லென்ஸ் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எந்தக் கோயில், எந்தக் காலம் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் இருந்ததால்தான் கல் திரும்பி வந்தது. ஊரும் தேதியும் இல்லாமல், 'கல்லின் மௌனம்' என்று தலைப்புப் போட்டு, துவாரமும் வேகமும் மட்டும் எழுதிவைத்திருந்தால் அந்தப் படங்கள் கலைக்கூடத்துச் சுவரில் சிலைக்குப் பக்கத்தில் மாட்ட மட்டும் உதவியிருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். படைப்பு தன்னளவில் நிற்க வேண்டும், குறிப்பைக் கைத்தடியாக வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது என்பார்கள். கவிதை விஷயத்தில் இதை நானே எழுதியிருக்கிறேன். இப்போதும் அதில் மாற்றம் இல்லை. ஆனால் கவிதைக்கு வார்த்தை போதும். புகைப்படத்துக்கு எதிரே ஒருவர் இருந்தாக வேண்டும். அவரைக் கேட்காமல் அவருடைய முகத்தை எடுத்துக்கொண்டு, தன்னளவில் நிற்கிறது என்று சொல்ல முடியாது. அது அவர் மேல் நிற்கிறது. மேலும், தன்னளவில் நிற்கிற படத்துக்கு 70-200 எதற்கு? அதையும் எடுத்துவிடட்டும். அப்போது இந்த வாதத்தை நேர்மையானது என்று ஒப்புக்கொள்கிறேன்.

இடத்தைச் சொன்னால் ஆபத்து என்பது இன்னொரு மறுப்பு. இது உண்மை. பூட்டில்லாத கோயிலின் சிலையை, வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை, அட்சரேகை தீர்க்கரேகையோடு ஊருக்கு அறிவிப்பது முட்டாள்தனம். சில சமயம் பெயரையும் மறைக்க வேண்டும். நானும் இந்தக் கட்டுரையில் மறைத்திருக்கிறேன். ஆனால் மறைக்கிறேன் என்று தெரிந்து மறைப்பது வேறு. பெயர் ஒன்று இருக்கிறது என்பதே தோன்றாமல் விடுவது வேறு. முதலாவதற்கு அந்தப் பெண்ணிடம் ஒரு தடவை பேசியிருக்க வேண்டும்.

நம் பத்திரிகைகள் என்ன செய்யலாம்? அட்டைப்படம் தருகிறவரிடம் நாலு கேள்வி கேட்கலாம். எங்கே, என்றைக்கு, எவ்வளவு தூரத்தில் நின்று, அவருக்குத் தெரிந்தா. பதில்களை உள்பக்கத்தில் அச்சிடலாம். அதற்குப் பிறகு இடம் இருந்தால் லென்ஸின் பெயரையும் போடலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

நண்பருக்கு இதையெல்லாம் எழுதினேன். அந்தப் பெண் சொன்னதையும் எழுதினேன். கோபித்துக்கொள்ளவில்லை. மரியாதையாகவே பதில் போட்டார். என்றைக்கு எடுத்தது என்று ஞாபகம் இல்லையாம். கூலி கிடைக்காத அந்த நாள் எது என்று சொல்ல எங்கள் தெருப் பெண்ணுக்குத் தெரியும். அவருடைய கேமராவுக்கும் தெரியும். இரண்டு பேரில் யாரையாவது அவர் கேட்கட்டும்.