டோக்கியோ தொலைவாகிப்போனது

பின்லாந்துத் தலைநகர் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ சுமார் 8,000 கிலோமீட்டர். உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது பெரும்பாலும் ரஷ்யாவின் மேல்தான் படியும். 2022 பிப்ரவரி வரை விமானங்களும் அப்படித்தான் பறந்தன. ஒன்பதரை மணி நேரத்தில் ஜப்பான் வந்துவிடும். அதன் பிறகு அதே பயணத்துக்கு ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகிறது.

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும், ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வான்வெளியை மூடின. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. நின்றுபோன டோக்கியோ சேவையை பின்லாந்தின் ஃபின்ஏர் விமான நிறுவனம் மார்ச் 9 அன்று மீண்டும் தொடங்கியது. விமானம் வடதுருவத்தைக் கடந்து, அலாஸ்கா பக்கமாக இறங்கி, ஏறத்தாழ 12,900 கிலோமீட்டர் சுற்றிப் போய்ச் சேர்ந்தது. துருவத்தைத் தாண்டியதற்காகப் பயணிகளுக்குச் சான்றிதழும் ஸ்டிக்கரும் கொடுத்தார்கள். பனிப்போர்க் காலத்தில், 1983இல், சோவியத் வானைத் தவிர்ப்பதற்காக இதே நிறுவனம் டிசி-10 விமானத்தில் பறந்ததும் இந்தத் துருவ வழியில்தான்.

பயணி மூன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருப்பதோடு இழப்பு முடியவில்லை. முன்பு ஒரே விமானம் டோக்கியோ போய்த் திரும்பி, துப்புரவு, எரிபொருள் எல்லாம் முடிந்து, 24 மணி நேரத்துக்குள் அடுத்த பயணத்துக்குத் தயாராகிவிடும். இப்போது போக வரப் பறப்பதற்கே 26 மணி நேரம். தினசரிச் சேவைக்கு ஒரு விமானம் போதாது. விமானிகளும் கூடுதலாக வேண்டும். ஆசியாவுக்குக் குறுக்குவழி என்ற பலத்தில் வளர்ந்த நிறுவனத்தின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டது இந்தத் தடை.

சீன நிறுவனங்களுக்கு ரஷ்ய வானம் திறந்தே இருக்கிறது. சுற்றிப்போய்ப் போட்டியிட வேண்டிய பிரிட்டிஷ் ஏர்வேஸ், 2024 அக்டோபரில் லண்டன்-பெய்ஜிங் சேவையை நிறுத்தியது.

நமக்கும் இது தூரத்துச் செய்தியல்ல. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. சில நாட்களில் இந்தியாவும் மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் அரபிக் கடல் பக்கமாக வளைந்து செல்ல நேர்ந்தது. விமானப் பற்றாக்குறையோடு இந்தத் தடையையும் காரணம் காட்டி, டெல்லி-வாஷிங்டன் சேவையை ஏர் இந்தியா செப்டம்பர் 1 முதல் நிறுத்தியது.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வானத்தின் மேல் முழு உரிமை உண்டு என்கிறது 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை. ஏவுகணைகள் பறக்கும் இடத்தில் வானத்தை மூடத்தான் வேண்டும். 2014இல் கிழக்கு உக்ரைன் மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானத்தில் 298 பேர் இறந்தார்கள். அந்த வான்வழி முழுமையாக மூடப்பட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். ஆனால், உயிரைக் காக்க மூடுவது வேறு, பழிக்குப் பழியாக மூடுவது வேறு. இரண்டாவதில் எந்த அரசும் பணியவில்லை. எரிபொருள்தான் வீணாகிறது, அந்தச் செலவு பயணச்சீட்டில் ஏறுகிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் மாதாமாதம் தடையை நீட்டிப்பதை விட்டு, பயணிகள் விமானங்களுக்காவது முதலில் வழிவிட வேண்டும்.