லண்டனில் இருக்கும் மட்டக்களப்புப் பாட்டு

சிலோன் மனோகரின் சுராங்கனிக்குக் காலாட்டாத தமிழர் குறைவு. அந்தத் துள்ளல் பைலாவிலிருந்து வந்தது. பைலாவைச் சிங்களத்தில் பிரபலப்படுத்தியவர் வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர். அவர் அதை எடுத்தது கபிரிஞ்ஞா என்ற ஆட்டப்பாட்டிலிருந்து. கபிரிஞ்ஞாவை வயலினும் மேளமும் முக்கோணக் கம்பியும் வைத்துக் கலியாண வீட்டில் இன்றும் ஆடுகிறவர்கள் போர்த்துக்கேயர் வழிவந்த எங்கள் மட்டக்களப்புப் பறங்கியர். போர்த்துக்கேயர் இங்கே 1628இல் கோட்டை கட்டினார்கள், பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். கோட்டை கைமாறினாலும் பாட்டு ஊரிலேயே தங்கிவிட்டது.

அந்தப் பாட்டுகளின் பழைய கையெழுத்துத் தொகுதி ஒன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சேர்த்தவர் ஹியூ நெவில். 1865இல் இலங்கைக்கு வந்து, பிறகு சிவில் சேவையில் சேர்ந்த ஆங்கிலேயர். கல்வெட்டு, சிப்பி, ஓலை, நாட்டார் கவி என்று கண்டதையெல்லாம் சேர்த்த மனுசன், ‘தப்ரோபேனியன்’ என்று ஒரு சஞ்சிகையும் நடத்தினார். 1897இல் அவர் இறந்தபின், 1904இல், அவருடைய 2,227 சுவடிகள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்து, பின்னர் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்தன. பெரும்பாலும் சிங்கள, பாளி ஓலைகள். அவற்றுக்கு விவரப்பட்டியல் போட்டு முடிக்கவே கே. டி. சோமதாசவுக்கு ஏழு பாகம் தேவைப்பட்டது. அந்தச் சேகரிப்போடு சேர்ந்ததுதான் மட்டக்களப்பின் பெயர் போட்ட, போர்த்துக்கேயக் கிரியோல் மொழியின் நான்கடிப் பாட்டுகள்.

நம்முடையதை வெள்ளைக்காரன் கொண்டுபோய்விட்டான் என்று கோபப்படலாம். எனக்கு அந்தக் கோபம் முழுதாக வருவதில்லை. 1978 சூறாவளி, பிறகு முப்பது வருட யுத்தம், 2004 சுனாமி. பறங்கியர் கூடி வாழ்ந்த டச்சுபாரைக் கடல் வாரிக்கொண்டு போனது. தப்பியவர்களில் பலர் திராய்மடுவில் குடியேறினார்கள். அந்தக் கட்டு இங்கே யாருடைய பெட்டகத்திலாவது கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததைப் பார்த்த நாட்டில் இருந்துகொண்டு, தேசிய நூலகம் என்றால் நம் தேசத்துடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்க என்னால் முடியவில்லை.

என் குறை வேறு. நெவில் எழுதி வைத்தது சொல்லை மட்டும். மெட்டைப் பிடிக்க அவரிடம் கருவி இல்லை. அந்தத் தாள்களை எத்தனை தரம் புரட்டினாலும் வயலின் எங்கே இழுக்கும், ஆடுகிறவர்கள் எங்கே திரும்புவார்கள் என்று தெரியாது. அது தச்சு வேலையும் இரும்பு வேலையும் செய்த பறங்கியர் குடும்பங்களின் காதில்தான் இருந்தது. (மட்டக்களப்பு வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனின் பாட்டைக்கூட லாங் என்ற அமெரிக்க இயேசுசபைப் பாதிரியார் ஒலிப்பதிவு செய்துவிட்டார். மீனுக்கு அதிர்ஷ்டம்.) அண்மைக் காலத்தில் லிஸ்பனிலிருந்து ஹியூகோ கார்டோசோ என்ற மொழியியலாளர் வந்து, இங்குள்ளவர்களின் பேச்சையும் பாட்டையும் ஒலியாகவும் படமாகவும் பதிந்தார். அருகிவரும் மொழிகளுக்கான காப்பகத்தில் அவை சேர்ந்தன. அந்தக் காப்பகமும் முதலில் லண்டனில் இருந்தது, இப்போது பெர்லினில். இந்தப் பாட்டுக்குப் பயணம் ஓயவில்லை போலும்.

நெவில் சேர்த்த சிங்களக் கவிகளை 1954இலேயே கொழும்பு மியூசியம் அச்சிடத் தொடங்கிவிட்டது. போர்த்துக்கேயப் பாட்டுகளை ஷிஹான் டி சில்வா ஜயசூரிய ஆங்கிலத்தில் ஆராய்ந்து வெளியிட்டார். பாடத் தெரிந்த கிழவர்கள் இருக்கும்போதே அந்தத் தாள்களின் பிரதியைத் திராய்மடுவுக்குக் கொண்டுவந்து, எந்தப் பாட்டுக்கு எந்த மெட்டு என்று கேட்டுப் பதிய வேண்டும். கல்லடியில் விபுலானந்தர் பெயரால் இசை, நடனம் படிப்பிக்கும் நிறுவகம் இருக்கிறது. அங்கிருந்து திராய்மடுவுக்கு மாணவர்களை அனுப்பப் பெரிய செலவில்லை. போகிறவர்கள் வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் கலியாணக் கசெட்டுகளையும் கேட்டு வாங்கிப் பிரதி எடுக்கட்டும். உப்புக்காற்றில் நாடா ஒட்டிக்கொள்கிறது.