இன்னொரு செல் போட்டால் மலை இறங்கிவிடுமா?

"பவர் பத்தலையா? இன்னொரு செல் ஏத்து மச்சான்."

மின்சார ஜெட் விடுகிற பசங்க நாலு பேர் கூடுகிற இடத்தில் ஒருத்தராவது இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். கொழும்பில் சொல்றாங்க, சென்னையில் சொல்றாங்க, தமிழ் யூடியூப் முழுக்க சொல்றாங்க. அங்கே எல்லாம் அது பாதி சரி, பாதி சோம்பேறித்தனம். நுவரெலியாவில் அது முழுத் தப்பு. மோட்டாரை எரிக்கிற, காசைக் கரைக்கிற, சில நேரம் லயத்தையே கொளுத்தக்கூடிய தப்பு. அதனால்தான் ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றி இவ்வளவு கோபத்தோட எழுதுறோம்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ரிமோட்டில் பறக்கும் மின்சார ஜெட்டுக்குள் உண்மையான ஜெட் எஞ்சின் கிடையாது. ஒரு குழாய், அதுக்குள்ள இறுக்கமா உட்கார்ந்த சின்ன விசிறி, அதைச் சுத்துற மோட்டார். இந்தக் கூட்டுக்கு ஈடிஎஃப் என்று பேர். மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போகணும்னு முடிவு பண்றது இஎஸ்சி என்கிற வேகக் கட்டுப்படுத்தி. எல்லாத்துக்கும் சோறு போடுறது லிப்போ பேட்டரி. ஒவ்வொரு செல்லும் 3.7 வோல்ட். நாலு செல் என்றால் 14.8, ஆறு செல் என்றால் 22.2. பேட்டரி, இஎஸ்சி, மோட்டார், விசிறி, குழாய் ஆகிய அஞ்சும் ஒன்றுக்கொன்று பொருந்தணும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற நாலும் கணக்குக் கேட்கும்.

இனி மலைக்கு வருவோம். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீட்டர். இங்க பருப்பு வேக ஏன் நேரமாகுதுன்னு எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்லுவாங்க. காத்தழுத்தம் குறைவு, தண்ணி 94 பாகை வாக்கிலேயே கொதிச்சிடுது, பருப்புக்குச் சூடு பத்தலை. அதே காத்தைத்தான் நம்ம விசிறியும் அள்ளி வீசணும். கொழும்பின் வெக்கையையும் நம்ம ஊர்க் குளிரையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், இங்க ஒரு கன மீட்டர் காத்தின் நிறை கொழும்பில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுத்தினால் உந்துவிசையும் ஆறில் ஒரு பங்கு குறையும். சுமை குறைஞ்சதால மோட்டார் கொஞ்சம் கூடுதலாச் சுத்தும், அதனால் முழுசும் போயிடாது. ஆனா பெரும்பகுதி போயிடும்.

அதாவது பெட்டியில் "2 கிலோ த்ரஸ்ட்" என்று போட்டிருக்கிற ஈடிஎஃப் நம்ம ஊரில் 1.7 கிலோவைத் தொட்டாலே நல்ல விஷயம். அந்த 2 கிலோவும் யாரோ ஒரு சமவெளியில், மேசைமேல், விசிறியின் வாயில் அழகான வளைந்த உதட்டை மாட்டி, ஜெட்டின் குழாய் எதுவும் இல்லாமல் அளந்தது. ஜெட்டுக்குள் பொருத்தினதும் அதில் இன்னும் கொஞ்சம் போகும்.

வாட்மீட்டரை மாட்டினால் இங்கே ஒரு வேடிக்கை நடக்கும். கொழும்பில் 60 ஆம்பியர் இழுத்த அதே கூட்டு இங்க 50 சொச்சம்தான் இழுக்கும். மோட்டாரும் அவ்வளவாச் சுடாது. உடனே "பாத்தியா, இன்னும் இடம் இருக்கு, செல்லைக் கூட்டு" என்று கிளம்பிவிடுவார் நம்ம ஆலோசகர். ஆம்பியர் குறைந்தது மோட்டார் சும்மா இருப்பதால் அல்ல. தள்ளுவதற்குக் காத்து இல்லாததால். பசியில வயிறு ஒட்டினவனைப் பார்த்து "நல்லா இளைச்சிட்ட"ன்னு பாராட்டுற மாதிரி இருக்கு இது.

செல்லைக் கூட்டினால் என்ன ஆகும்? உந்துவிசை விசிறி வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதுக்கு வேணுங்கிற வாட் கனமாக ஏறும். மலையில் இழந்த ஆறில் ஒரு பங்கை முழுசா மீட்க விசிறி வேகம் 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவா ஏறினால் போதும். அதுக்கே இப்போ ஓடுறதைவிட 30 சதவீதம் கூடுதல் வாட் வேணும். ஆனா அரை செல் என்று கடையில் விற்பதில்லையே. நாலு செல்லில் இருந்து அஞ்சுக்குப் போனால் வோல்ட் 25 சதவீதம் ஏறும். வேகமும் அதே அளவு ஏறினால் வாட் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். நிஜத்தில் அவ்வளவு ஏறாது என்று வச்சுக்குவோம். அதில் பாதி ஏறினாலும் மோட்டார் சுருளின் அரக்கு பதில் சொல்லும். சூட்டைக் கொண்டுபோகிற காத்தும் இங்க மெல்லியது என்பதை மறந்துடாதீங்க. நாலு செல்லுக்கென்று செஞ்ச இஎஸ்சி அஞ்சில் புகையும். போனது புகைதானே என்று விடமுடியாது. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். ஒரு நல்ல 80 ஆம்பியர் இஎஸ்சி எரிஞ்சால் அம்மாவின் ஒரு வாரச் சம்பளம் போச்சு.

அப்போ என்னதான் செய்யணும்? எடையைக் குறைக்கணும். இதை யாரும் வீடியோ போட்டுச் சொல்றதில்லை. எடையைக் குறைக்க எதையும் வாங்க வேண்டியதில்லையே, விற்கிறவனுக்கு அதில் என்ன இருக்கு?

ஒரு கணக்கு பார்ப்போம். 70 மில்லிமீட்டர் விசிறி, ஆறு செல், 1.8 கிலோ எடை, கடல் மட்டத்தில் 2 கிலோ உந்துவிசை. நல்ல ஜெட்தான். இங்க அதே ஜெட்டின் உந்துவிசை எடையைவிடக் கீழே இறங்கிடுது. அதோட மெல்லிய காத்தில் இறக்கை தூக்கணும்னா வேகம் 10 சதவீதம் அதிகம் வேணும், ஓடுதளம் 20 சதவீதத்துக்கு மேல் நீளணும். நுவரெலியாவில் சமநிலத்துக்கு எங்க போறது? குதிரைப் பந்தயத் திடலை விட்டால் மிச்சமெல்லாம் கொழுந்து மலையும் கிரவல் ரோடும்தான். செல்லைக் கூட்டினால் உந்துவிசைப் பிரச்சினை ஒன்றுதான் தீரும், ஓட்ட வேகம் அப்படியே நிற்கும். கூடின செல்லின் எடையால் இன்னும் மோசமாகும். எடையை ஆறில் ஒரு பங்கு குறைத்து 1.5 கிலோவுக்குக் கொண்டு வந்தால் உந்துவிசைக்கும் எடைக்குமான விகிதமும் சரியாகும், பறக்கத் தொடங்கும் வேகமும் கொழும்பு அளவுக்கே திரும்பும்.

300 கிராமை எங்கே குறைப்பது என்று கேட்பீங்க. முதலில் மடங்கும் சக்கரங்களைக் கழட்டுங்க. ஏறக்குறைய 200 கிராம் போகும். நம்ம புல்லில் அது எப்படியும் ரெண்டு இறக்கத்தில் ஒடியும். ரப்பர் கயிற்றில் இழுத்து விடலாம். அடுத்தது பேட்டரி. 4000 மில்லி ஆம்பியர் மணியை 3300 ஆக்குங்க, இன்னும் 100 கிராம் போகும். பறக்கும் நேரம் குறையாதா? இங்கதான் மலை நமக்கு ஒரு சின்ன உதவி செய்யுது. கடல் மட்டத்தில் 60 ஆம்பியர் இழுத்து 4000 பேட்டரியின் 80 சதவீதத்தைத் தின்ன 3 நிமிஷம் 12 செக்கன் ஆகும். இங்க 51 ஆம்பியர் என்று வச்சால் 3300 பேட்டரியின் 80 சதவீதம் 3 நிமிஷம் 6 செக்கன் வரும். வித்தியாசம் 6 செக்கன். இதைக் கண்டுபிடிக்க பட்டம் தேவையில்லை, பெருக்கலும் வகுத்தலும் போதும்.

பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் 'சி' எண்ணைப் பற்றியும் சொல்லணும். 3300க்கு 50 சி என்றால் 165 ஆம்பியர் தரும் என்று அர்த்தம். பல பேட்டரிகளில் அது வெறும் ஸ்டிக்கர். நமக்கு வேணுங்கிறது 51 ஆம்பியர், 15 சியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பேட்டரி நல்லதா என்று அறிய ஒரே வழி, முழு விசையில் சில செக்கன் ஓடவிட்டு வோல்ட்டைப் பார்ப்பது. ஆறு செல் 21 வோல்ட்டுக்கு மேல் நின்றால் சரி. 20க்குக் கீழே விழுந்தால் ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் அது செத்த பேட்டரி. தை மாசக் காலையில் புல்லெல்லாம் பனி உறைஞ்சு கிடக்கும்போது நல்ல பேட்டரியும் விழும்; ஜாக்கெட்டுக்குள்ள வச்சுச் சூடாக்கிட்டுப் போங்க. இஎஸ்சியை 80 ஆம்பியருக்குக் குறையாமல் போடுங்க, காத்துப் படுற இடத்தில் வையுங்க. வயர் நீளம் பத்தலைன்னா மோட்டார் பக்கம் நீட்டுங்க. பேட்டரி பக்கம் நீட்டினால் இஎஸ்சியின் கொள்ளளவிகள் சீக்கிரம் சாகும்.

இதுக்கெல்லாம் என்ன கருவி வேணும்? ஒரு வாட்மீட்டர், பயணப் பெட்டி நிறுக்கிற ஒரு தொங்கு தராசு. ஜெட்டின் வாலில் கயிறு கட்டி, தராசின் ஒரு பக்கத்தில் மாட்டி, மறுபக்கத்தைச் சுவரில் கட்டி, முழு விசை கொடுத்தால் உங்க உந்துவிசை கிராமில் தெரியும். விசிறிக்கு முன்னாலயும் பக்கவாட்டிலயும் யாரும் நிக்கக்கூடாது. ஜெட் வாங்குறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் வாங்கணும் என்பது எங்க கட்சி.

தராசு என்றதும் நம்ம ஆட்களுக்கு வேற ஒன்று ஞாபகம் வரும். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இத்தனை கிலோ, ஈரத்துக்கு இத்தனை கிலோ என்று கழிச்சுக்கொண்டே வந்த வரலாறு நமக்கு இருக்கு. முள்ளு எங்க நிக்குதுன்னு எட்டிப் பாக்கக்கூட விடாத காலத்தை ஆச்சிமார் சொல்லியிருக்காங்க. மின்சாரக் கதையும் அப்படித்தான். பழைய லக்சபான மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. அந்தத் தண்ணி வடியும் மலைகளில் இருந்த எத்தனையோ லயங்கள் அதுக்கப்புறம் பல பத்தாண்டு குப்பி விளக்கில் கிடந்தன. அளக்கிறவன் ஒருத்தன், அளவை ஏத்துக்கிறவன் இன்னொருத்தன் என்ற பழக்கத்தில் வளர்ந்த நாம, ஒரு பெட்டியில் அச்சடிச்ச எண்ணையும் அப்படியே நம்புறோம் என்பதுதான் எங்களுக்கு எரிச்சலா இருக்கு.

"இது பணக்காரன் விளையாட்டு, உங்களுக்கு என்னத்துக்கு?" என்று சொல்கிற பெரியவர்களும் இருக்காங்க. அஜித் குமார் 2018இல் சென்னை எம்ஐடி மாணவர்களின் தக்ஷா அணிக்கு ஆலோசகரானபோது அந்தப் படத்தை இங்க பகிராத ஆள் இல்லை. அதே வருஷம் அந்த அணி ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் ரெண்டாம் இடம் வந்தது. படத்தில் அஜித் தெரிஞ்சார். மோட்டாரையும் பேட்டரியையும் எடையையும் அளந்து அளந்து குறைச்ச மாணவர்கள் யார் கண்ணிலயும் படலை. அந்த வேலையை லயத்துப் பிள்ளை செய்யமுடியாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. செலவு உண்டு, மறுக்கலை. அதனால்தான் எரிக்காமல் விடுறது நமக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

எரியுறது என்றதும் கடைசியா ஒன்று, இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. லயம் என்பது ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடிச்ச தீ வரிசை முழுக்க ஓடும் என்பதை நாம பேப்பரில் படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. லிப்போவை கட்டிலுக்கு அடியில் சார்ஜ் போட்டுட்டுத் தூங்குறவன் இருபது குடும்பத்தைப் பணயம் வைக்கிறான். வெளியே சீமெந்துத் தரையில், மண்சட்டிக்குள்ள வச்சு, பக்கத்தில் ஒரு வாளி மணலோட, ஆள் முழிச்சிருந்து சார்ஜ் பண்ணணும். 3300 பேட்டரிக்கு 3.3 ஆம்பியருக்கு மேல் கொடுக்காதீங்க. பறக்காத நாளில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்க. உப்பின பேட்டரியை "இன்னும் ஒரு தடவை" என்று சொல்லவே சொல்லாதீங்க. வளைகுடாவில் இருந்து அண்ணன் கொண்டு வர்றதா இருந்தால் கைப்பையில்தான் கொண்டு வரணும், பெட்டியில் போடக்கூடாது. ஆறு செல் 4000 வரைக்கும் 100 வாட் மணிக்குள் அடங்கும், 5000 என்றால் 111 ஆகிடும், விமான நிறுவனத்திடம் முதலில் அனுமதி கேக்கணும். பறக்கவிடுறதுக்கு முன்னாடி சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளையும் பாருங்க. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வானத்தில் எது தெரிஞ்சாலும் இந்த நாட்டில் கேள்வி வரும், நம்ம பேரைக் கேட்டால் இன்னும் ரெண்டு கேள்வி கூட வரும்.

நாங்க ஒரு கொப்பி போட்டிருக்கோம். இடத்தின் உயரம், காலையா மத்தியானமா, செல் எண்ணிக்கை, வோல்ட், ஆம்பியர், தராசு காட்டின கிராம் என்று ஆறு கட்டம். நுவரெலியாப் பக்கம் நாங்களே நிரப்புவோம். ஹட்டன் 1271 மீட்டர். அங்க பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையணும் என்று கணக்கு சொல்லுது. அங்க இருக்கிற யாராவது வாட்மீட்டரைப் பிடிச்சு அது உண்மையா என்று பார்த்துச் சொல்லுங்க.