பீருக்குப் பெட்டி, பதனிக்கு வெயில்

வெளிநாட்டில் இருக்கும் நம்ம பிள்ளைகளிடம் இப்போது ஒரு பொழுதுபோக்கு பரவியிருக்கிறது. ஐஸ்கிரீம் கடையில் மேல்மூடி திறக்கிற நீளப் பெட்டி நிற்குமே, அந்த ஃப்ரீசரை வாங்கி, வீட்டிலேயே பீர் பிடிக்கிற குழாய்ப் பெட்டியாக மாற்றிவிடுகிறார்கள். படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். உடனே இங்கிருந்து பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் "என்ன மூளை பாரு" என்று கைதட்டுகிறார்கள். உடன்குடிப் பக்கம் ஒருவர் பனை மூட்டில் கள்ளுக் கலயத்தோடு பிடிபட்டார் என்று பேப்பரில் வந்தால், "இவனுகளை உள்ளே தள்ளணும்" என்று சொல்வதும் இதே பெரியப்பாமார்தான்.

அங்கே நுரைத்தால் விஞ்ஞானம், இங்கே நுரைத்தால் குற்றமா? இதைத்தான் கேட்க வந்தேன்.

அந்தப் பெட்டியின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சாகுபுரத்துக்காரர்களுக்குக் குளிரூட்டுவது புதிய சங்கதியும் இல்லை. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவோடு குளோரினும் வரும். அந்த வாயுவை அழுத்திக் குளிரவைத்துத்தான் திரவமாக்கி அடைக்க வேண்டும். அந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பையன்கள் செய்வது நல்ல வேலைதான்.

ஃப்ரீசர் தன் போக்கில் ஓடினால் மைனஸ் 18 டிகிரி வரை போய்விடும். பீர் உறைந்து கட்டியாகிவிடும். அதனால் வெளியே ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியை வைத்து, ஃப்ரீசரின் பிளக்கை அதில் சொருகுகிறார்கள். கருவியின் உணரி பெட்டிக்குள் இருக்கும். உள்ளே 3, 4 டிகிரிக்கு வந்ததும் கருவி மின்சாரத்தை நிறுத்தும். சூடு ஏறினால் திரும்பக் கொடுக்கும். பெட்டியின் சுவரில் துளை போடக் கூடாது, சுவருக்குள்தான் குளிர்வாயுக் குழாய்கள் ஓடுகின்றன. ஆகவே மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே மரச்சட்டம் ஒன்றைக் கட்டி, குழாயை அந்தச் சட்டத்தில் பொருத்துகிறார்கள். உள்ளே பீர்ப் பீப்பாய், அதைத் தள்ளிவிடக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். அவ்வளவுதான் விஷயம்.

இதை நம்மூரில் செய்ய முடியாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சினால் அது 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். செய்ய வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் இதே பெட்டி, சிலிண்டர்கூட இல்லாமல், நம்ம தேரிக்காட்டில் ஒரு தொழிலையே காப்பாற்றும். அதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

பதநீர், நம்ம பேச்சில் பதனி, எப்படிக் கெடுகிறது என்று நமக்குத் தெரியும். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார் பனையேறி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதனி. தடவாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பு இட்டதும்கூட நெடுநேரம் தாங்காது. விடியற்காலையில் இறக்கியது சித்திரை வெயிலில் மதியத்துக்குள் புளிக்கத் தொடங்கும். புளித்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அதற்குப் பெயர் கள். காலையில் விற்றவர் வியாபாரி, மதியம் அதே பானையோடு நின்றால் குற்றவாளி! உலகத்தில் வேறு எந்தத் தொழிலுக்காவது இப்படி ஒரு சட்டம் உண்டா?

3 டிகிரியில் வைத்தால் ஈஸ்ட்டின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். மாலை வரை, மறுநாள் வரை பதனி பதனியாகவே இருக்கும். விற்பவருக்கு நஷ்டம் இல்லை, போலீஸுக்கும் வேலை இல்லை. இதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, அடியில் ஒரு குழாய், இருபதாயிரம் ரூபாய் அளவில் ஒரு பெட்டி, அதற்கு ஒரு சின்னக் கட்டுப்பாட்டுக் கருவி போதும். பாத்திரத்தை இறுக்கி மூடக் கூடாது. கொஞ்சம் புளித்தாலும் வாயு கிளம்பி மூடியைத் தூக்கும். குழாயைத் தினமும் வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும். கம்ப்ரஸர் அடிக்கடி நின்று ஓடாமல் இருக்க, கருவியில் நாலைந்து நிமிஷத் தாமதம் வைக்க வேண்டும். உள்ளே கோக்கும் தண்ணீரைத் துடைக்க ஒரு துணி. ஒன்பதாம் வகுப்புப் பையன் இதைப் பார்த்துக்கொள்வான்.

பிறகு ஏன் நடக்கவில்லை? கோலா கம்பெனிக்காரன் தன் சரக்கை விற்பதற்காகப் பெட்டிக்கடைக்கே குளிர்பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறான். ஐஸ்கிரீம் கம்பெனிக்காரனும் வைக்கிறான். ஆறுமுகநேரியிலிருந்து திருச்செந்தூர் வரை எந்தக் கடையில் பார்த்தாலும் சிவப்பும் நீலமுமாக நிற்கின்றன. பனையேறிக்கு மட்டும் வேப்பமர நிழலும் ஈரச் சாக்கும்.

டாஸ்மாக் விஷயத்துக்கு வருகிறேன். 1983இல் மொத்த வியாபாரத்துக்கென்று தொடங்கிய நிறுவனம் அது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்குப் போனது. இன்று சாலையோரக் கடையில் பீர் ஜில்லென்று கிடைக்கிறது. அதைக் குளிர வைக்க அரசாங்கக் கடையில் மின்சாரம் இருக்கிறது, பெட்டி இருக்கிறது. மாநில மரத்தின் சாற்றைக் குளிர வைக்க இல்லை. 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை கொடுப்போம் என்றார்கள், கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றார்கள். நல்ல அறிவிப்புகள்தான். ஆனால் விதைத்த பனை பாளை விடப் பதினைந்து வருஷமாவது ஆகும். அன்றைக்கு ஏறுவதற்கு ஆள் இருக்க வேண்டாமா?

"கள்ளைத் திறந்துவிடச் சொல்கிறீரா?" என்று கேட்பீர்கள். நேராகவே பதில் சொல்கிறேன். கள் குடித்து அழிந்த குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டு யாரும் பேசக் கூடாது. கலப்படமும் பொய்யில்லை. போதைக்காகக் குளோரல் ஹைட்ரேட் கலந்த கொடுமை நம் நாட்டில் நடந்திருக்கிறது. ஆனால் அந்தக் காரணங்களைச் சொல்லிக் கள்ளை மூடிய அதே கை, அதைவிடப் பல மடங்கு போதை உள்ள பிராந்தியையும் விஸ்கியையும் நீட்டுகிறது. மது கெடுதல் என்றால் எல்லாவற்றையும் மூடுங்கள். பனையேறியும் கூட நிற்பார். விற்கலாம் என்றால் பனைக்கு மட்டும் ஏன் தடை? கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது, புதுச்சேரியிலும் நடக்கிறது. 2025 ஜூனில் பெரியதாழையில் சீமான் பனையேறிக் கள் இறக்கியபோது ஊரெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. அவர் கட்சி அவருக்கு. கேள்வி மட்டும் பொதுவானது, இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கள் விவகாரம் கோர்ட்டிலும் கோட்டையிலும் முடிகிறபோது முடியட்டும். பதனி கள் அல்ல. அதற்கும் ஏன் கை நீட்ட மறுக்கிறோம்?

"கருப்பட்டியாகக் காய்ச்ச வேண்டியதுதானே, உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டதே" என்பார்கள். விடிலிக்குள் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஏழெட்டு லிட்டர் பதனியைக் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. பனையேறி முப்பது நாற்பது மரம் ஏறி இறங்கி வருவார். அவர் மனைவி அதற்குப் பிறகு புகையில் வெந்து துழாவ வேண்டும். விறகுச் செலவு தனி. இவ்வளவும் செய்து சந்தைக்குப் போனால், வெள்ளைச் சீனி கலந்த போலிக் கருப்பட்டி பாதி விலையில் உட்கார்ந்திருக்கும். இறக்கியதில் பாதியைப் பதனியாகவே விற்க முடிந்தால் அந்த அம்மாளுக்குப் பாதி நாள் மிச்சம். பனையேறியின் மகன் ஏன் மரம் ஏற மாட்டேன் என்கிறான் என்று யோசிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். மரத்திலிருந்து விழும் பயம் ஒரு பக்கம். உயிரைப் பணயம் வைத்து இறக்கியது மதியம் மண்ணில் கொட்டப்படும் என்பது இன்னொரு பக்கம்.

ஆகவே நம்ம வயசுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். கையில் வேலை தெரியும், பொழுதும் இருக்கிறது. பழைய ஃப்ரீசர்கள் மூடிய கடைகளில் தூசி படிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு பனைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இப்படி ஒரு பெட்டி கொடுக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதுவோம், கையெழுத்துப் போடுவோம். மனு நகரும் வரை காத்திருக்காமல், குரும்பூர் பக்கமோ உடன்குடிப் பக்கமோ தெரிந்த பனையேறி ஒருவருக்கு ஒரு பெட்டியை நாமே சரிசெய்து கொடுப்போம். தை மாதம் பாளை இடுக்கத் தொடங்கும்போது அது தயாராக இருக்க வேண்டும்.

பீர்ப் பெட்டிப் படம் போடும் மருமகப் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள், அண்ணாச்சி: "உன் பெட்டி நன்றாக இருக்கிறது. அதே கருவி ஒன்றை வாங்கி அனுப்பு, இங்கே பதனிக்கு வேண்டும்" என்று.