பெயர் மாறிய பாட்டு

பிறர் நாவுக்கு எளிதாகும்பொருட்டு நம் பெயர் சுருங்குவதையும் திரிவதையும் வெளியூரில் வாழும் நாம் நன்கு அறிவோம். திருநெல்வேலியாரும் கோவையாரும் தஞ்சையாரும் விந்தியத்துக்கு வடக்கே வந்து சேர்ந்ததும் ‘மதராஸி’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போன காலம் ஒன்று உண்டு. சொன்னவரிற் பலர் அறியாமையால் சொன்னார்கள். ஆயினும் கேட்டவர் நெஞ்சில் ஒரு சிறு முள் தைக்கத்தான் செய்தது. அத்தகைய முள் தைத்த ஒரு பாட்டையும், அதைப் பாடிய ஜப்பானியக் கலைஞரையும் பற்றி இம்மாதம் எழுத விழைகிறோம்.

கியூ சகாமோட்டோ 1941 டிசம்பர் 10 ஆம் நாள், டோக்கியோவை அடுத்த கவசாக்கி என்னும் தொழில் நகரில் பிறந்தார். அமெரிக்காவின் மீது ஜப்பான் போர் தொடுத்து அப்போது இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. பெற்றோருக்கு அவர் ஒன்பதாவது குழந்தை. ஆதலால் ஒன்பதைக் குறிக்கும் எழுத்தையே பெயராக இட்டனர். அவ்வெழுத்தை ‘ஹிசாஷி’ என்றும் படிக்கலாம், ‘கியூ’ என்றும் படிக்கலாம். இட்ட பெயர் ஹிசாஷி. மேடையில் நிலைத்த பெயர் கியூ. நாட்டு மக்களோ செல்லமாகக் ‘கியூச்சான்’ என்று அழைத்தார்கள்.

போரில் தோற்ற நாட்டில் வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு, வென்ற நாட்டின் எல்விஸ் பிரெஸ்லிதான் ஆதர்சம். எல்விஸைப் போலப் பாடிக்காட்டி நண்பர்களை மகிழ்வித்த சிறுவர், 1958 இல் டோக்கியோ மேடையில் தோன்றினார். பின்னர் ‘பாரடைஸ் கிங்’ என்ற இசைக்குழுவிற் சேர்ந்து, 1960 இல் ‘யா முஸ்தபா’ என்னும் அயல்நாட்டு மெட்டுக்கு ஜப்பானியச் சொற்களைப் பூட்டிய வேடிக்கைப் பாட்டு ஒன்றால் பெயர் பெற்றார். அழகிய முகம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருந்தது. அச்சிரிப்பே அவருடைய முதலீடு.

1961 இல் என்.எச்.கே. தொலைக்காட்சியின் ‘யுமே தே ஐமாஷோ’ நிகழ்ச்சியில் அவர் பாடிய ஒரு பாட்டு அவருடைய வாழ்வையே மாற்றிற்று. எழுதியவர் எய் ரொகுசுகே. இசை அமைத்தவர் நகமுரா ஹச்சிதாய். ‘உவே ஓ முயிதே அருகோ’ என்பது அதன் பெயர். அண்ணாந்து பார்த்தவாறே நடப்போம் என்பது பொருள். தனிமையில் இரவில் நடந்து செல்லும் ஒருவன், பெருகும் கண்ணீர் நிலத்தில் விழுந்துவிடாமல் முகத்தை உயர்த்திக்கொள்கிறான். பாட்டின் கருத்து அவ்வளவே. 1960 இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து ஜப்பானிய மாணவரும் தொழிலாளரும் நடத்திய பெருங் கிளர்ச்சி தோல்வியில் முடிந்தது. அதிற் கலந்துகொண்ட கவிஞரின் மனச்சோர்வில் இப்பாட்டு வித்தூன்றியது என்பர். ஆனால் பாட்டில் அரசியல் ஒரு சொல்லும் இல்லை. ஆதலால் அழுகையை விழுங்கிக்கொண்டு நடக்கும் எவரும் அதைத் தமதாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

1962 இல் ஜப்பான் சென்ற ஆங்கிலேய இசைத்தட்டு நிறுவனத் தலைவர் ஒருவர் இம்மெட்டைக் கேட்டு மயங்கினார். தம் நாட்டுக்கு எடுத்துச் சென்று, கென்னி பால் குழுவினரைக் கொண்டு சொற்களின்றி வாத்தியத்தில் வாசிக்கச் செய்தார். பெயர்தான் இடையூறாயிற்று. நீண்ட ஜப்பானியப் பெயர் ஆங்கிலேயர் நாவில் நிற்குமா? ஆகவே அவர்கள் அறிந்திருந்த ஜப்பானியச் சொற்களில் ஒன்றைத் தேடி எடுத்து ஒட்டினார்கள்: ‘சுகியாகி’. இறைச்சியையும் காய்களையும் இரும்புச் சட்டியில் சோயாச் சாறும் சர்க்கரையும் விட்டுச் சமைக்கும் பண்டத்தின் பெயர் அது. கண்ணீரைப் பற்றிய பாட்டுக்குக் கறிச்சட்டியின் பெயர்! நிலவும் நதியும் பற்றிய அமெரிக்கப் பாட்டு ஒன்றை ஜப்பானில் மாட்டிறைச்சிக் குழம்பு என்ற பெயரில் விற்பது போன்றது இது என்று ஓர் அமெரிக்க இதழே அன்று நகையாடிற்று.

அமெரிக்காவிலும் அதே பெயர்தான். வாஷிங்டன் மாநிலத்துச் சிற்றூர் வானொலி நிலையம் ஒன்று கியூவின் அசல் ஜப்பானியத் தட்டை ஒலிபரப்ப, நேயர்கள் மீண்டும் மீண்டும் கேட்டனர். 1963 ஜூன் 15 ஆம் நாளிட்ட ‘பில்போர்டு’ பட்டியலில் அப்பாட்டு முதலிடத்தை அடைந்து, மூன்று வாரங்கள் அங்கேயே நின்றது. அமெரிக்காவில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேல் தட்டுகள் விற்றன. ஜப்பானிய மொழிப் பாட்டு ஒன்று அப்பட்டியலில் முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. வேறொன்று இன்றளவும் அவ்விடத்தை எட்டவில்லை. போர் மூண்ட வாரத்தில் பிறந்த பிள்ளை, இருபத்தோரு வயதில், எதிரி நாடாக இருந்த நாட்டின் நெஞ்சைத் தன் தாய்மொழியில் தொட்டுவிட்டான். கேட்டவரிற் பெரும்பாலோருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. துயரத்தை மறைத்துச் சிரிக்கும் குரல் மட்டும் விளங்கிற்று.

அடுத்து வெளிவந்த தட்டு அமெரிக்காவில் 58 ஆம் இடத்தைத் தாண்டவில்லை. உலகப் புகழ் வந்த வேகத்திலேயே விடைபெற்றது. இங்கேதான் ஒரு கலைஞரின் உண்மையான சோதனை தொடங்குகிறது. இருபத்தோரு வயதில் சிகரத்தைத் தொட்டவர் எஞ்சிய நாட்களை எப்படிக் கழிப்பது? சென்ற புகழை நினைத்து ஏங்கியே தேய்ந்தவர் எத்தனையோ பேர். கியூ தம் மக்களிடம் திரும்பி, கிடைத்த வேலையைச் செவ்வனே செய்தார்.

அக்காலத்து ஜப்பானிலும் நம்மைப் போல ஊரைவிட்டு வந்தோர் ஏராளம். வடகிழக்கு மாவட்டங்களில் நடுநிலைப்பள்ளி முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டங் கூட்டமாகத் தனி ரயில்களில் ஏற்றி டோக்கியோவின் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் அனுப்பினார்கள். 1954 இல் தொடங்கிய அவ்வழக்கம் 1975 வரை நீடித்தது. முதலாளிகள் அப்பிள்ளைகளைப் ‘பொன் முட்டைகள்’ என்றார்கள். பகலெல்லாம் உழைத்து இரவுப் பள்ளியில் படித்தோர் அவர்களுள் பலர். இரவுப் பள்ளி மாணவரைப் பற்றிய இசை நாடகம் ஒன்றின் பாட்டை, இரவு விண்மீன்களை நிமிர்ந்து பார்க்கச் சொல்லும் பாட்டை, 1963 இல் கியூ பாடினார். அக்கதை திரைப்படமானபோது நடிக்கவும் செய்தார். கடல் கடந்த புகழ் கைவந்த அதே ஆண்டில், சொந்த நாட்டின் புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்காகவும் அவர் பாடினார் என்பது நம் கவனத்துக்கு உரியது.

பின்னர்த் தொலைக்காட்சியே அவருடைய இல்லமாயிற்று. 1971 இல் தொடங்கிய ‘தென்கா கோமென்’ என்னும் என்.எச்.கே. தொடர் நாடகத்தில், மேலை நாட்டு உடற்கூற்று நூலை ஜப்பானியருக்குத் தந்த பழைய மருத்துவர் சுகிதா கென்பாகுவாக நடித்தார். 1973 முதல் 1975 வரை மாலைதோறும் ஒளிபரப்பான ‘ஷின் ஹக்கென்தென்’ பொம்மலாட்டத் தொடருக்குக் கதை சொல்லியும் அவரே. ஜப்பானிய மரபில் பொம்மையை ஆட்டுவோரும் மேடைத் துணைவரும் கரிய ஆடையும் கரிய முகத்திரையும் அணிவர். அவர்களைக் காணாததாகவே பாவிப்பது பார்ப்போர் முறை. உலகமே கண்ட முகத்தை உடைய கியூ அந்தக் கரிய ஆடையில் தோன்றிக் குழந்தைகளுக்குக் கதை சொன்னார். 1976 முதல் ஹொக்கைதோ தீவின் ஒளிபரப்பில் மாற்றுத் திறனாளிகளின் வாழ்வைப் பற்றிய ‘சண்டே கியூ’ என்னும் நிகழ்ச்சியை நடத்தினார். அப்பணி அவருடைய இறுதிவரை தொடர்ந்தது.

அவ்விறுதி மிக விரைவில் வந்தது. ஆகஸ்டு மாத நடுவில் ஜப்பானியர் ‘ஓபோன்’ என்னும் முன்னோர் வழிபாட்டு நாட்களைக் கொண்டாடுவர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாம் முட்டி மோதி ரயில் ஏறுவதைப் போல அவர்களும் சொந்த ஊருக்கு விரைவார்கள். 1985 ஆகஸ்டு 12 மாலை, அந்த நெரிசலில் டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 ஆம் எண் விமானம் மலையில் மோதிற்று. 1978 இல் வால்பகுதி ஓடுதளத்தில் உராய்ந்தபின் செய்த பழுதுபார்ப்பு சரிவரச் செய்யப்படாததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. இருந்தவர் 524 பேர், பிழைத்தவர் நால்வர். மாண்ட 520 பேருள் கியூவும் ஒருவர். வயது 43. மனைவியும் இரு பெண் குழந்தைகளும் வீட்டில் இருந்தனர்.

2011 இல் நிலநடுக்கமும் கடற்கோளும் ஜப்பானின் வடகிழக்கைச் சூறையாடியபோது, மக்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலாகப் பாடிக்கொண்டவற்றுள் கியூவின் இவ்விரு பாட்டுகளும் இருந்தன. முன்னாளில் பிள்ளைகள் ரயிலேறிய அதே வடகிழக்கு அது. வானியலார் ஒரு சிறுகோளுக்கு அவர் பெயரை இட்டுள்ளனர். அவர் பிறந்த கவசாக்கியின் கேக்கியூ ரயில் நிலையத்தில், வண்டி வருவதை அறிவிக்கும் இசையாக 2008 இல் தேர்ந்தெடுக்கப்பட்டது அந்தப் பழைய மெட்டுத்தான். அங்கே அதற்குக் கறிச்சட்டியின் பெயர் இல்லை. பெட்டியைக் கையிற் பிடித்து நிற்கும் பயணி எவருக்கும் அதன் உண்மைப் பெயர் தெரியும்.

அன்பர்களே, பிறர் நமக்கு இடும் பெயர் நம் கையில் இல்லை. அதைப் பொறுமையுடன் திருத்தலாம்; திருந்தாவிடில் சிரித்துக்கொள்ளலாம். நம் வீட்டில் நம் மொழியில் நாம் பாடும் பாட்டு நம் கையில் இருக்கிறது. பள்ளியில் தன் பெயரைப் பிழையாகச் சொன்னார்கள் என்று வாடி வரும் குழந்தைக்கு இன்றிரவு கியூவின் கதையைச் சொல்லுங்கள். பிறகு அக்குழந்தையின் பெயருக்கு என்ன பொருள் என்பதையும், அதை இட்டவர் யார் என்பதையும் சொல்லுங்கள்.