வாணி விலாஸ் யார், மிஸ்?

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் கேட்டேன்: "வாணி விலாஸ் ஆஸ்பத்திரியில் பிறந்தவங்க கை தூக்குங்க." முப்பத்தெட்டுப் பேரில் பதினொரு கைகள் எழுந்தன. "சரி, வாணி விலாஸ்னா யாரு?" எழுந்த கைகள் இறங்கிவிட்டன. முன்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் தயங்கியபடி, "டாக்டரா, மிஸ்?" என்றாள்.

பெங்களூரு ஓசூர் சாலையை ஒட்டிய ஒரு பெண்கள் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக வரலாறு நடத்துகிறேன். வாணி விலாச சந்நிதானம் என்பது மகாராணி கெம்பநஞ்சம்மணியின் பட்டப்பெயர். 1894 டிசம்பரில் கணவர் சாமராஜேந்திர உடையார் கல்கத்தாவில் இறந்தபோது மகனுக்குப் பத்து வயது. 1895 முதல் 1902 வரை மைசூர் சமஸ்தானத்தின் பொறுப்பு முழுவதும் அந்த அம்மையார் கையில் இருந்தது. சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் கோலார் தங்கவயலுக்குப் போனது அவர் ஆட்சியில்தான். பாடம் நடத்தும்போது திவான் சேஷாத்ரி ஐயரின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். சேஷாத்ரி ஐயர் செய்தது பெரிய வேலை. கப்பன் பூங்காவில் அவருக்குச் சிலை நிற்பது நியாயமே. ஆனால் அந்தத் திட்டத்துக்குச் சம்மதம் சொன்ன அரசி யார் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் கேட்க வைக்கவில்லை.

பெண்ணியம் என்றதும் பள்ளிகளுக்கு நினைவு வருவது மார்ச் 8. கோலப்போட்டி, பேச்சுப்போட்டி, ஆசிரியைகளுக்கு ஆளுக்கொரு ரோஜா. மறுநாள் காலை பழையபடி பானிப்பட்டுப் போர். பாடநூலில் பெண்களின் பெயர்கள் கூடினால் எனக்கும் மகிழ்ச்சிதான். 2023இல் கர்நாடக அமைச்சரவை சாவித்ரிபாய் புலே பற்றிய பாடத்தைச் சேர்க்க முடிவெடுத்தபோது நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்தப் பெயரையும் ஒரு மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்தால் என்ன மாறிவிடும்? பெண்ணியத்தை வரலாற்று வகுப்பில்தான் கற்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதை வணங்கி வைக்கும் பெயர்ப்பட்டியலாக அல்லாமல், சான்றுகளை வைத்துக்கொண்டு வாதாடும் பழக்கமாகக் கற்பிக்க வேண்டும்.

பெங்களூர் நாகரத்தினம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். நஞ்சன்கூட்டில் பிறந்து, நம் ஊரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துச் சென்னைக்குக் கொண்டுபோனவர். தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் எழுதிய தெலுங்குக் காவியம் 'ராதிகா சாந்த்வனம்'. அச்சில் வந்திருந்த பதிப்பில் பகுதிகள் வெட்டப்பட்டிருந்ததைக் கண்டு, மூலத்தைத் தேடிப்பிடித்து 1910இல் முழுதாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று ஆங்கிலேய அரசு தடை போட்டது. தடை நீங்கியது 1947இல். ஆண் கவிஞர்கள் எழுதிய சிருங்காரத்துக்கு இல்லாத வெட்கம் பெண் எழுதினால் மட்டும் எங்கிருந்து வருகிறது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. இதைச் சொன்னபோது வகுப்பில் அப்படி ஓர் அமைதி.

தேவதாசிச் சமூகத்தில் பிறந்த இதே நாகரத்தினம்மாள் தேவதாசி முறை ஒழிப்பை எதிர்த்தவர்களின் பக்கம் நின்றார். ஒழித்தே தீர வேண்டும் என்று 1927இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயாரும் அந்தச் சமூகத்தில் பிறந்தவரே. ஒருவருக்குச் சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமை கண்முன் நின்றது. மற்றவருக்கு மானிய நிலமும் சொத்துரிமையும் கலையும் பறிபோகும் பயம். வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விட்டேன். நான் முத்துலட்சுமி ரெட்டியின் கட்சி என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் எதிர்த்தரப்பில் பேசிய பிள்ளைகள் என்னைத் திணற அடித்தார்கள். இரண்டு பெண்கள் இரண்டு பக்கம் நின்று, இரண்டு பேருமே பெண்களுக்காகப் பேச முடியும் என்பதைப் பதினான்கு வயதில் தெரிந்துகொள்வது சின்ன விஷயமா?

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார், "பொண்ணுங்களுக்கு எதிர்த்துப் பேசச் சொல்லித் தர்றீங்களா, மிஸ்?" என்று கேட்டார். கோபம் இல்லை, கவலைதான் தெரிந்தது. ஆதாரம் கேட்கச் சொல்லித் தருகிறேன் என்றேன். அவர் முழுக்கச் சமாதானமானதாகத் தெரியவில்லை.

என் மாணவிகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் கார்மென்ட்ஸுக்குப் போகிறவர்கள். 2016 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எப். விதியை மாற்றியது. முதலாளி கட்டிய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்றது. மகளின் பீஸுக்கும் வீட்டுக் கடனுக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருந்தவர்கள் ஏப்ரல் 18ஆம் தேதி மெஷினை நிறுத்திவிட்டு ஆயிரக்கணக்கில் பொம்மனஹள்ளியில் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். எந்தப் பெரிய சங்கமும் அழைக்கவில்லை. மறுநாள் தடியடி, கண்ணீர்ப்புகை, எரிந்த பேருந்துகள். அன்றே அந்த விதி திரும்பப் பெறப்பட்டது. அப்போது இந்தப் பிள்ளைகளுக்கு நான்கைந்து வயது.

அந்த நாளில் அம்மா எங்கே இருந்தார் என்று கேட்டு எழுதி வரச் சொன்னேன். டிபன் பாக்ஸோடு ரோட்டில் உட்கார்ந்த அம்மா ஒருத்தி நோட்டில் இருந்தார். பயந்துபோய் வீட்டிலேயே இருந்துவிட்ட அம்மாவும் இருந்தார். இரண்டும் சான்றுதான் என்று சொல்லி, அந்த வாரத்துச் செய்தித்தாள் பிரதிகளைப் பக்கத்தில் வைத்துப் படித்தோம். படங்களில் பேருந்துகள் எரிந்தன. நோட்டுகளில் பி.எப். பணத்தின் கணக்கு இருந்தது. இந்த வகுப்புக்குத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. சான்றைக் கொடுத்து வாதம் எழுதச் சொல்லும் ஒரே ஒரு கேள்வியையாவது வினாத்தாளில் வையுங்கள் என்று கல்வித் துறையைக் கேட்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு அம்மா வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்தார். புடவையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. மகளின் நோட்டை என் மேசைமேல் விரித்து, "தேதி தப்பா எழுதியிருக்கா, மிஸ். பத்தொன்பதுன்னு போட்டிருக்கா. நாங்க மொத நாளே வந்துட்டோம்" என்றார். பேனாவைக் கொடுத்தேன். அவரே அடித்துவிட்டு 18 என்று எழுதினார்.