உள்ளூர் மெக்கானிக் கை வைத்தால் வழக்கு வருமா?

“என் டிராக்டரில், பழுது விவரத்தைக் கம்பெனிக்கே அனுப்பும் பெட்டி இருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓசூருக்குத்தான் போக வேண்டும் என்கிறார் விற்பனையாளர். உள்ளூர் மெக்கானிக் கை வைத்தாலோ, ரிமோட் சாவிக்கு மாற்றுச் சாவி போட்டாலோ காப்புரிமை வழக்கு வரும் என்கிறார். உண்மையா?”

– வாசகர், அஞ்செட்டி.

பழுது பார்த்ததற்காகக் காப்புரிமை வழக்கு வருமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு கண்டுபிடிப்பை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு மற்றவர்கள் அனுமதியின்றித் தயாரிப்பதையும் விற்பதையும் தடுப்பதுதான் காப்புரிமை. விலை கொடுத்து வாங்கிய வண்டியை ஓட்டவும் பழுது பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. காப்புரிமை உள்ள பாகத்தை அப்படியே செய்து விற்பவர்தான் மாட்டுவார். எனவே போலி ரிமோட் சாவி வாங்காதீர்கள். கம்பெனிச் சாவியையே கேளுங்கள்.

இதற்கு ஓசூரிலேயே உதாரணம் உண்டு. டி.வி.எஸ். நிறுவனம் 2007-ல் ‘ஃபிளேம்’ பைக்கைக் கொண்டுவந்தது. சிறிய இன்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைப்பது தன் காப்புரிமை என்று பஜாஜ் வழக்குத் தொடுத்தது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2009-ல் தடை நீங்கியது. கணக்கு வைத்துக்கொண்டு விற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2019-ல் இரு தரப்பும் சமரசம் ஆனார்கள். சண்டை இரண்டு கம்பெனிகளுக்கு இடையில்தான். பிளக் மாற்றிய மெக்கானிக்கோடு அல்ல.

உங்களைத் தடுப்பது சாஃப்ட்வேர் பூட்டு. பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவியும் கடவுச்சொல்லும் டீலரிடம் மட்டும் இருந்தால், கைதேர்ந்த மெக்கானிக்கும் கையைப் பிசைய வேண்டியதுதான். அமெரிக்க விவசாயிகளும் இதற்காகத்தான் போராடினார்கள். 2023-ல் ஜான் டியர் கம்பெனி, பழுது பார்க்கும் கருவிகளைத் தருவதாக அங்குள்ள விவசாயிகள் கூட்டமைப்புடன் ஒப்பந்தம் செய்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை: வாரண்டி அட்டையை முழுதாகப் படியுங்கள். வாரண்டிக் காலத்தில் வெளியில் பிரித்தால் அந்தப் பாகத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். ‘வழக்கு வரும்’ என்பவரிடம், எந்தச் சட்டப்படி என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். பிழைப்புக்காகத் தானே உழைத்து ஓட்டும் டிராக்டர்காரரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

அடுத்த டிராக்டர் வாங்குபவர்கள் குதிரைத்திறனோடு இதையும் விசாரியுங்கள்: விதைப்பு நேரத்தில் வண்டி நின்றால், அதைத் திறந்து பார்க்க யாருக்கு அனுமதி?